முள்ளைக் காட்டி நிறுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கிரிக்கெட்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. டெஸ்ட் போட்டி முடிந்த பிறகு சர்வதேச கிரிக்கெட் சபை ஆடுகளத்துக்கு, அதாவது பிட்சுக்கு, ஒரு மதிப்பீடு போடுகிறதே, அது நியாயமாக நடக்கிறதா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதில் இருந்து தோட்டத்துக் கிரவுண்டில் பந்து வீசியிருக்கிறேன், பிட்ச் போட்டிருக்கிறேன். ஆகவே ஆடுகளம் பற்றிப் பேசும்போது வீரர்களோடு சேர்த்து, அதைத் தயாரித்தவர்களும் என் கண்ணுக்குத் தெரிவார்கள்.

2025 நவம்பரில் பேர்த் டெஸ்ட் இரண்டு நாளில் முடிந்தது. ஆடுகளம் 'மிக நன்று' என்றார்கள். டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டும் இரண்டு நாளில் முடிந்தது. அதற்கு 'திருப்தியற்றது' என்று ஒரு தகுதியிழப்புப் புள்ளி. ஒரே நாடு, ஒரே ஆஷஸ் (அவுஸ்திரேலியா – இங்கிலாந்து) தொடர், அதே இரண்டு நாள். இது என்ன நியாயம்?
— உயர்தர வகுப்பு மாணவர், ஹட்டன்

தம்பி, நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னைக் கேட்டால் இரண்டு மதிப்பீடும் சரிதான்.

நாள் கணக்கை வைத்து ஆடுகளத்தை அளக்கக் கூடாது. பேர்த்தில் முதல் நாளே 19 விக்கெட் விழுந்தது உண்மை. ஆனால் கடைசி இன்னிங்ஸைப் பாருங்கள். அவுஸ்திரேலியாவுக்கு 205 ஓட்டம் தேவை. அந்தப் போட்டியிலேயே அதுதான் பெரிய எண்ணிக்கை. டிராவிஸ் ஹெட் 83 பந்தில் 123 அடித்தார், இரண்டு விக்கெட் மட்டுமே இழந்து ஆட்டத்தை முடித்தார்கள். நிலம் கெட்டுப்போயிருந்தால் இரண்டாம் நாள் மாலையில் அப்படி ஒரு ஆட்டம் ஆட முடியாது. பந்து வேகமாக வந்தது, உயரமாக எழும்பியது, ஆனால் ஓரளவு ஒரே மாதிரி எழும்பியது. அதை நம்பி மட்டையை வீசலாம். முதல் நாள் விழுந்த விக்கெட்டுகளில் பல, நல்ல வேகப்பந்து வீச்சுக்கும் அவசரத் துடுப்பாட்டத்துக்கும் போனவை.

மெல்போர்னில் முதல் நாள் 20 விக்கெட், இரண்டாம் நாள் 16. இரண்டு அணியிலும் ஒருவர்கூட அரைச்சதம் தொடவில்லை. அந்த ஆடுகளத்தில் 10 மில்லிமீற்றர் புல் விட்டிருந்தார்கள். அதற்கு முந்திய வருடம் அதே மைதானத்தில் விட்டது 7 மில்லிமீற்றர். வித்தியாசம் 3 மில்லிமீற்றர், ஏறக்குறைய நம் பழைய ஐந்து ரூபாய்க் குற்றியின் தடிப்பு. அவ்வளவுதான். அந்தத் தடிப்புக்குள்ளேதான் பந்தின் தையல் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பும் என்று வீசியவருக்கே தெரியாமல் திரும்பியது. போட்டி மத்தியஸ்தர் ஜெஃப் குரோ பந்துவீச்சுப் பக்கம் அளவுக்கு மிஞ்சிச் சாய்ந்த ஆடுகளம் என்று எழுதினார். அதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் உங்கள் கோபத்துக்கு வேறொரு நியாயமான இடம் இருக்கிறது. மெல்போர்னுக்கு ஏன் புள்ளி விழுந்தது என்று நாலு வரியாவது வெளியில் வந்தது. பேர்த் ஏன் 'மிக நன்று'? அதற்குச் சேர்ந்து வந்தது ஒரு சொல் மட்டுமே. நான் மேலே சொன்ன 205 ஓட்டக் கணக்கை நானாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. அதை அவர்களே சொல்லியிருந்தால் ஹட்டனில் இருந்து நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கத் தேவை வந்திராது.

தொழிற்சாலைக்குக் கொழுந்து வந்து இறங்கியதும் நாங்கள் லீஃப் கவுண்ட் எடுப்போம். சாக்கில் இருந்து ஒரு பிடி எடுத்து மேசையில் பரப்பி, இரண்டு இலையும் மொட்டும் ஒரு பக்கம், கொஞ்சம் முற்றியது ஒரு பக்கம், தடித்த இலையும் காம்பும் ஒரு பக்கம் என்று பிரித்து, தனித்தனியே நிறுத்து, நூற்றுக்கு எத்தனை என்று எழுதுவோம். கொழுந்து கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நிற்பார். "இன்றைக்கு உன் கொழுந்து மோசம்" என்று வெறும் வாயால் சொல்லி ஒருவரை அனுப்பினால் அவர் நாளைக்கு வேறு தொழிற்சாலைக்குக் கொடுப்பார். குவியலைக் காட்டிச் சொன்னால் முகம் சுருங்கும், ஆனால் ஏற்றுக்கொள்வார். ஆடுகள மதிப்பீட்டில் நான் கேட்பதும் அந்தக் குவியலைத்தான்.

மதிப்பீட்டைப் போடுவது யார்? எத்தனை புள்ளி சேர்ந்தால் மைதானத்துக்குத் தடை?
— வாசகர், பதுளை

போட்டி மத்தியஸ்தர் போடுகிறார். நடுவர்களிடமும் இரு அணித்தலைவர்களிடமும் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் அறிக்கை எழுதுகிறார். முன்பு ஆறு படி இருந்தது: மிக நன்று, நன்று, சராசரி, சராசரிக்குக் குறைவு, மோசம், தகுதியற்றது. 2018 ஜனவரியில் புள்ளி முறை வந்தபோது கடைசி மூன்றுக்கும் 1, 3, 5 என்று புள்ளி வைத்தார்கள். ஐந்து வருடத்துக்குள் 5 புள்ளி சேர்ந்தால் 12 மாதம் சர்வதேசப் போட்டி கிடையாது. 2023 கடைசியில் இதைச் சுருக்கினார்கள். இப்போது நாலே படி: மிக நன்று, திருப்திகரம், திருப்தியற்றது, தகுதியற்றது. திருப்தியற்றதுக்கு 1, தகுதியற்றதுக்கு 3. தடைக்கான எல்லை 6 புள்ளி.

2021இல் கண்டிப் பக்கம் உள்ள நம் பல்லேகலை மைதானத்துக்குப் புள்ளி போட்டவர் நம்மவரான ரஞ்சன் மடுகல்ல. சொந்த ஊர் மைதானத்தையே இப்படிச் செய்யலாமா? வெளிநாட்டவர் என்றால் விட்டுக்கொடுத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.
— ஓய்வு பெற்ற தபால் ஊழியர், கட்டுகஸ்தோட்டை

ஐயா, இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. அந்தத் தீர்ப்பை நான் பெருமையோடு நினைக்கிறேன்.

மடுகல்ல கண்டியில் பிறந்தவர், டிரினிட்டியில் படித்துவிட்டுப் பிறகு கொழும்பு றோயலுக்குப் போனவர். 1982இல் இலங்கையின் முதல் டெஸ்டில் ஆடியவர். கொரோனாக் காலத்தில் வெளிநாட்டு அதிகாரிகள் பயணம் செய்ய முடியாததால் உள்ளூர்க்காரரையே மத்தியஸ்தராகப் போட அனுமதித்திருந்தார்கள். அப்படித்தான் 2021 ஏப்ரலில் பங்களாதேஷுடன் நடந்த முதல் டெஸ்ட் அவர் கைக்கு வந்தது.

அந்தப் போட்டியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பங்களாதேஷ் 7 விக்கெட்டுக்கு 541. நாம் 8 விக்கெட்டுக்கு 648. திமுத் கருணாரத்ன 244, தனஞ்சய டி சில்வா 166. நாலாம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. காலையில் இருந்து மாலை வரை பந்து வீசியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஐந்து நாளும் சேர்த்து 1,289 ஓட்டம், 17 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 75.82 ஓட்டம். மடுகல்ல இந்த எண்களையே தன் அறிக்கையில் காட்டி, ஐந்து நாளும் ஆடுகளத்தின் குணம் மாறவே இல்லை என்று எழுதி, 'சராசரிக்குக் குறைவு' என்று ஒரு புள்ளி போட்டார். குவியலைப் பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது. ஊர்ப்பாசம் அவர் கையைத் தடுக்கவில்லை.

அந்தத் தீர்ப்பில் நான் மதிக்கும் இன்னொன்று, துடுப்பாட்டத்துக்கு ஒரேயடியாகச் சாய்ந்த ஆடுகளமும் கெட்ட ஆடுகளம்தான் என்று அது சொன்னது. நம் ரசிகர்களுக்கு இது கசக்கும். 1997இல் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 அடித்தோம். சனத் ஜயசூரிய 340, ரொஷான் மஹாநாம 225. இன்றைக்கும் அதுதான் டெஸ்டில் ஓர் அணியின் மிகப் பெரிய எண்ணிக்கை. வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த ஐந்து நாளும் ஓடி ஓடிப் பந்து வீசியவர்களை நினைத்துப் பார்க்க எனக்குப் பல வருடம் பிடித்தது. 2017 மெல்போர்ன் ஆஷஸ் டெஸ்டிலும் இப்படித்தான், அலஸ்டயர் குக் ஆட்டமிழக்காமல் 244 அடிக்க, போட்டி முழுதும் 24 விக்கெட் மட்டுமே விழுந்து சமநிலையில் முடிந்தது. அந்த ஆடுகளத்தை 'மோசம்' என்று எழுதியவரும் இதே மடுகல்லதான். மெல்போர்னுக்கு ஒரு கோல், பல்லேகலைக்கு ஒரு கோல் என்று அவர் வைத்திருக்கவில்லை.

அப்புறம், பல்லேகலை நிலம் கெட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மைதானத்தில் பல பிட்ச்கள் வரிசையாக இருக்கும். அதே தொடரின் இரண்டாம் டெஸ்ட் நாலு நாள் இடைவெளியில் அதே மைதானத்தில் நடந்தது. அதில் பந்து சுழன்றது. அறிமுகப் போட்டி ஆடிய பிரவீன் ஜயவிக்ரம 11 விக்கெட் எடுத்தார், நாம் 209 ஓட்டத்தால் வென்றோம். தயாரிப்பில் கொஞ்சம் மாற்றினால் நிலம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பல்லேகலையில் நான் நேரில் பார்த்த நல்ல பிட்ச் 2016 ஜூலை மாதத்தது. அவுஸ்திரேலியாவுடன் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் நாம் 117க்குச் சுருண்டோம். பிறகு குசல் மெண்டிஸ் 176. ஐந்தாம் நாள் விடியப் பஸ் பிடித்து மகனோடு போனேன். கடைசியில் பீட்டர் நெவிலும் ஸ்டீவ் ஓ'கீஃபும் நின்று தடுத்த தடுப்பை மறக்க மாட்டேன். 178 பந்து, 4 ஓட்டம். ஓ'கீஃபுக்குத் தொடைத் தசை பிடித்திருந்தது, ஓட முடியாது. ஒவ்வொரு பந்துக்கும் நம் ஆட்கள் மட்டையைச் சுற்றிக் குடை போல நின்றார்கள். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் தனஞ்சய டி சில்வாவும் ஹேரத்தும் முடித்துக்கொடுத்தார்கள், 106 ஓட்டத்தால் வெற்றி. முதல் நாள் வேகப்பந்துக்கும் இடம் இருந்தது, மூன்றாம் நாள் ஒருவர் பெரிய சதம் அடிக்கவும் முடிந்தது, ஐந்தாம் நாள் சுழலும் வந்தது, தடுக்க மனம் இருந்தவருக்குத் தடுக்கவும் முடிந்தது. டெஸ்ட் ஆடுகளம் என்றால் எனக்கு அதுதான்.

நான் கிரிக்கெட் ஆடியதில்லை, என் மாணவர்கள் கேட்டதை எழுதுகிறேன். நம் பக்கத்து நாடுகளில் பந்து சுழன்றால் 'கெட்ட பிட்ச்' என்கிறார்கள். அவர்கள் நாட்டில் பந்து தாறுமாறாக எழும்பினால் 'சவாலான பிட்ச்' என்கிறார்கள். இது பாரபட்சம் இல்லையா?
— ஆசிரியை, பொகவந்தலாவை

டீச்சர், உங்கள் மாணவர்கள் கேட்டது இந்த விவகாரத்தின் நெஞ்சுப் பகுதி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.

விதியில் பாரபட்சம் இல்லை. நம் பக்கத்து நாடுகளில் முதல் நாளே பந்து ஓரளவு சுழலலாம் என்று வழிகாட்டியிலேயே இடம் விட்டிருந்தார்கள். அவர்கள் பொறுக்காதது முதல் நாளிலேயே ஒரு பந்து முழங்காலுக்கும் அடுத்த பந்து நெஞ்சுக்கும் வருவதை. அது சரியான கோடு. சுழலும் பந்தைப் பழகி ஆடலாம், ஒழுங்கில்லாமல் எழும்பும் பந்தைப் பழக முடியாது.

சரி, விதியைக் கையில் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? 2022 டிசம்பரில் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் அவுஸ்திரேலியா – தென்னாபிரிக்கா டெஸ்ட். இரண்டே நாள், 34 விக்கெட். மத்தியஸ்தர் ரிச்சி ரிச்சர்ட்சன் 'சராசரிக்குக் குறைவு' என்றார், 1 புள்ளி. அடுத்த மார்ச்சில் இந்தூரில் இந்தியா – அவுஸ்திரேலியா டெஸ்ட். மூன்றாம் நாள் காலையில் முடிந்தது. மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் 'மோசம்' என்றார், 3 புள்ளி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் பிள்ளைகளுக்கு மறுபக்கத்தையும் சொல்லுங்கள். இந்தூரில் போட்டியின் ஐந்தாவது பந்திலேயே மேல்மண் உடைந்தது என்று புரோட் எழுதினார். ஐந்தாவது பந்து! ஒரு ஓவர்கூட முடியவில்லை. ஐந்து நாளைக்கென்று போட்ட நிலம் அது. அதைக் குறை சொல்லக் கூடாது என்று என்னால் வாதாட முடியாது. இந்தியச் சபை மேன்முறையீடு செய்தது, அதே மாதக் கடைசியில் 'மோசம்' என்பதை 'சராசரிக்குக் குறைவு' என்று மாற்றி 3 புள்ளியை 1 ஆக்கினார்கள். அப்படிப் பார்த்தால் கடைசியில் காபாவும் இந்தூரும் ஒரே தட்டில்தான் வந்து நின்றன. ஆனால் முதல் தீர்ப்பு எல்லாப் பத்திரிகையிலும் முன்பக்கத்தில் வந்தது, திருத்தம் உள்பக்கத்து மூலையில் வந்தது. ஜனங்கள் மனதில் நிற்பது முதலாவதுதான்.

2024 ஜனவரியில் கேப் டவுனில் தென்னாபிரிக்கா 55 ஓட்டத்துக்கு ஆட்டமிழந்தது. முதல் நாள் மட்டும் 23 விக்கெட். போட்டி முழுதும் 642 பந்து. முடிவு கண்ட டெஸ்ட்களில் அதைவிடக் குறைந்த பந்தில் முடிந்தது வேறு இல்லை. அங்கேயும் மத்தியஸ்தர் புரோட்தான். திருப்தியற்றது என்று 1 புள்ளி போட்டார், பலருக்குக் கையுறையில் பந்து அடித்ததை எடுத்து எழுதினார். வென்ற இந்திய அணியின் தலைவர் ரோஹித் சர்மாவே அன்றைக்கு, இப்படிப்பட்ட பிட்சில் ஆட எனக்குத் தயக்கமில்லை, ஆனால் இந்தியாவுக்கு வந்து ஆடும்போது சுழலைப் பற்றி யாரும் முறையிடக் கூடாது, நாட்டைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து மதிப்பிடுங்கள் என்ற பொருளில் பேசினார். அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன்.

நம் வீட்டுக் கதையையும் மறைக்கக் கூடாது. 2011இல் காலியில் அவுஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட். நத்தன் லயன் டெஸ்டில் தன் முதல் பந்திலேயே சங்கக்காரவை வீழ்த்தியது அங்கேதான். நாம் 105க்குச் சுருண்டோம், 125 ஓட்டத்தால் தோற்றோம். ஆடுகளம் 'மோசம்' என்று மதிப்பிட்டு, இலங்கைச் சபைக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அப்போது எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முதல் நாளே கால் வைத்த இடமெல்லாம் புழுதி எழும்பியதைத் தொலைக்காட்சியில் நானே பார்த்தேன். சுழலுக்கு வசதியாக நிலத்தைக் காயப்போட்டு, அதில் நாமே விழுந்தோம்.

ஆகவே பாரபட்சம் எங்கே என்று கேட்டால், புள்ளியைவிடச் சொல்லில்தான் அதிகம் என்பேன். பந்து சுழன்றால் 'செய்துவைத்த பிட்ச்', பந்து தையலில் திரும்பினால் 'பச்சைப் பிட்ச்'. இரண்டும் மனிதர் கையால் செய்தவைதான். ஒன்றைச் சூழ்ச்சி என்றும் மற்றதை இயற்கை என்றும் வர்ணனை சொல்பவர்கள் பழக்கிவிட்டார்கள். மத்தியஸ்தர்களும் அதே வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்கள். இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து அளவைதான். பந்து எத்தனை பாகை திரும்பியது, எந்த உயரத்தில் வந்தது என்று அளக்கும் கமெராக்கள் டெஸ்ட் மைதானத்தில் நிற்கின்றன. எல்.பி.டபிள்யூ. முறையீட்டில் நாம் பார்க்கும் படம் அதில் இருந்து வருவதுதான். அந்த இலக்கங்களை ஒவ்வொரு மதிப்பீட்டோடும் சேர்த்துப் பிரசுரிக்க வேண்டும், நல்ல மதிப்பீட்டோடும் கெட்டதோடும். இந்தூரின் சுழலையும் காபாவின் எழும்பலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்போது உங்கள் மாணவர்களே தீர்ப்புச் சொல்வார்கள்.

உண்மையிலேயே ஆபத்தான பிட்ச் என்று ஏதாவது இருந்திருக்கிறதா?
— வாசகர், வெலிமடை

2009 டிசம்பர் 27, டில்லி. ஆடியவர்கள் நம் பிள்ளைகள். ஒருநாள் போட்டி. 23.3 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 83 என்று நின்றபோது, பந்து நினைத்த இடத்துக்கெல்லாம் எழும்பி உடம்பில் பட்டதால் ஆட்டத்தையே கைவிட்டார்கள். மைதானத்துக்கு 12 மாதத் தடை விழுந்தது. அன்றைக்கு ஒவ்வொரு பந்துக்கும் நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி நிலத்தில் ஆட்டத்தை நிறுத்துவதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மேன்முறையீடு செய்தால் பலன் உண்டா? அது பெரிய சபைகளுக்கு மட்டும்தானா?
— வாசகர், தலவாக்கலை

14 நாளுக்குள் எந்தச் சபையும் செய்யலாம். இந்தூர் பற்றி மேலே சொன்னேன். எனக்குச் சரியாகப் படாதது ராவல்பிண்டித் தீர்ப்பு. 2022 டிசம்பரில் அங்கே இங்கிலாந்து முதல் நாளே 4 விக்கெட்டுக்கு 506 அடித்தது. மத்தியஸ்தர் அண்டி பைக்ரொஃப்ட் 'சராசரிக்குக் குறைவு' என்றார். பாகிஸ்தான் மேன்முறையீடு செய்தது, புள்ளி நீக்கப்பட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, போட்டி விறுவிறுப்பாக ஒரு முடிவைக் கண்டது, 39 விக்கெட்டில் 37 விழுந்தது என்பது.

அந்த முடிவு எப்படி வந்தது? பென் ஸ்டோக்ஸ் துணிந்து இன்னிங்ஸை முடித்துக்கொண்டு பாகிஸ்தானை ஆசைகாட்டி இழுத்தார். ஐந்தாம் நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் 74 ஓட்டத்தால் வென்றார்கள். பாராட்டு அவருக்குப் போக வேண்டியது, நிலத்துக்குப் போய்விட்டது. இரண்டு நாளில் முடிந்ததால் பேர்த் கெட்டது என்று சொல்வது எவ்வளவு பிழையோ, முடிவு கிடைத்ததால் ராவல்பிண்டி நல்லது என்று சொல்வதும் அவ்வளவு பிழை. என்ன ஆட்டம் நடந்தது என்பது வேறு, பந்து தரையில் பட்டு என்ன செய்தது என்பது வேறு.

அண்ணே, எங்கள் தோட்டத்துக் கிரவுண்டைப் போட்டிப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். 'பிட்ச் சரியில்லை' என்று ஒரு வரிதான் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேர் வேலை முடிந்து வந்து ஒரு மாதம் பாடுபட்டுப் போட்டது. சர்வதேசப் போட்டிக்கே பதில் எழுதும் நீங்கள் எங்களுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.
— இளைஞர், மஸ்கெலியா

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு 1991 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருடம் தோட்டங்களுக்கு இடையிலான போட்டி ஒன்று நடந்தது. இறுதிப் போட்டி எங்கள் கிரவுண்டில் என்று முதலிலேயே முடிவு. எங்கள் லயத்தில் ஒரு அண்ணன் இருந்தார், கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டும்) வேலை செய்பவர். பிட்ச் போடுவதில் அவர்தான் எங்களுக்கு வாத்தியார். தார் பீப்பா ஒன்றில் கொங்கிரீட் ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் சொருகி, உருளை செய்திருந்தார். நாலு பேர் இழுத்தால்தான் அசையும். மூன்று வாரம், மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பீலியில் இருந்து தண்ணீர் சுமந்து, புற்று மண்ணைக் கரைத்து ஊற்றி, இருட்டும் வரைக்கும் உருட்டுவோம். மறுநாள் காலையில் அவர் வெறுங்காலோடு அதன் மேல் நடந்து பார்ப்பார். குதிகாலால் அழுத்தி, "இந்த இடம் இன்னும் தூங்குது" என்பார். அந்த இடத்தில் திரும்ப உருட்டுவோம்.

அரையிறுதி முடிந்த அன்று ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இந்தக் கிரவுண்ட் சரிவராது என்றார். இறுதிப் போட்டி வேறு இடத்துக்குப் போனது. அந்த அண்ணன் அவர் பின்னாலேயே நடந்து போய்க் கேட்டார்: "எது பிழை என்று சொன்னீங்கன்னா அடுத்த முறை திருத்திடுவோமே, சேர்." அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்த ஜீப் வளைவில் மறையும் வரைக்கும் அண்ணன் அதே இடத்தில் நின்றார். பந்து உயர எழும்பியதா, தாழ்ந்து ஓடியதா, ஓரத்தில் வெடிப்பு விட்டதா, கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவர் உருளையைத் தொடவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு என்று இரண்டு மூன்று கிலோ கழிப்பார்கள். கழிப்பதை நம் பெண்கள் ஒரேயடியாக மறுத்ததில்லை. "தராசு முள்ளைக் காட்டிக் கழிங்க" என்றுதான் கேட்டார்கள். நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும். ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். எந்தப் போட்டியில், எந்த முனையில், பந்து என்ன செய்தது என்று கேளுங்கள். குற்றம் சாட்டி எழுத வேண்டாம், திருத்துவதற்காகக் கேட்கிறோம் என்று எழுதுங்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

பதில் வரும் வரைக்கும் கிரவுண்டைச் சும்மா விடாதீர்கள். தும்புப் பாய் விரித்து ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் பாயைச் சந்தேகப்படுங்கள். காய்ந்த பாயை இழுத்து அடித்தால் இரண்டு மணி நேரத்தில் தொய்ந்துவிடும், பந்து அந்தத் தொய்வில் பட்டால் ஒன்று சறுக்கும், ஒன்று துள்ளும். முதல் நாள் மாலையே பாயை நனைத்து, ஈரத்தோடு இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்து, ஆணியை உள்பக்கம் சாய்த்து அடியுங்கள். நெருக்கமாக அடியுங்கள், ஓரத்தை ஒரு அடிக்கு மேல் விடாதீர்கள். காலையில் காய்ந்து முரசு போல இறுகி நிற்கும். பிறகு ஒரு பழைய பந்தை எடுத்து, நெஞ்சு உயரத்தில் இருந்து, முனையில் தொடங்கி ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை விழவிட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று காலில் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். 22 யார் நீளம் முழுதுக்கும் எழுதுங்கள். எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறதோ அங்கே பாயைத் தூக்கி, அடியில் உள்ள மண்ணைப் பாருங்கள்.

அந்தக் கொப்பியின் ஒரு பிரதியைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். எனக்கும் ஒன்று அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.